பியானோ ட்ரியோ கச்சேரிக்குப் போகிறீர்களா? மெண்டல்சனை வைத்துக் கேட்டுப் பழகலாம்

முதன்முதலாக பியானோ ட்ரியோ, அதாவது பியானோ, வயலின், செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த குரல் கருவி) மூன்றும் சேர்ந்த கச்சேரி, கேட்கப் போகும் எல்லோரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறோம். மெட்டு யார் கையில் இருக்கிறதோ அவரையே பார்க்கிறோம். வயலின் பாடினால் கண் வயலினுக்குப் போகிறது, செல்லோ வாங்கிக்கொண்டால் செல்லோவுக்கு, அப்புறம் பியானோவுக்கு. தப்பில்லை, ஆனால் அப்படிக் கேட்டால் பாதிதான் கிடைக்கும். நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். ஒரு நாள் தாமதமாகப் போய், தூண் மறைக்கிற இருக்கையில் உட்கார வேண்டியதாகிவிட்டது. வயலின் வாசித்த பெண் முழுக்க மறைந்துபோனார், செல்லோவும் பியானோவின் பாதியும்தான் தெரிந்தன. வயலின் மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, என் கண்ணில் பட்டவர் அந்த நேரத்தில் மெட்டுப் பாடாத செல்லோக்காரர். அவர் வில்லின் நுனியில் நாலு விரல்கடை நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை ஊதினால் அணையும் சுடர் மாதிரி காப்பாற்றிக்கொண்டிருந்தார். வயலின் மேலே ஏறினபோது அவருடைய வில் இன்னும் மெதுவானது. மேலே கேட்ட பாட்டு அவ்வளவு அழகாக இருந்ததற்கு அவர்தான் பாதிக் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான்: மெட்டு கையில் இல்லாதவரைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஏன் ட்ரியோவுக்கு மட்டும் இது இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மூன்று கருவிகளும் இயல்பிலேயே ஒட்டாதவை. பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்த அந்தக் கணமே ஒலி தேய ஆரம்பித்துவிடும், அதை வளர்க்க முடியாது. வயலினும் செல்லோவும் வில்லை இழுக்க இழுக்க ஒரே சுரத்தைப் பெருக்கலாம், சுருக்கலாம், நடுங்க வைக்கலாம். பியானோவின் சுருதி கட்டையில் பூட்டி வைத்தது, வில் கருவிகளில் சுருதி விரலின் கீழே அங்குமிங்கும் நகரும். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கிக்கு இந்தச் சேர்க்கையே காது கொள்ளவில்லை. 1880இல் அவருடைய புரவலர் நதேழ்தா ஃபான் மெக் ட்ரியோ எழுதச் சொல்லிக் கேட்டபோது, வயலின், செல்லோவோடு பியானோ சேருவதைத் தன்னால் தாங்க முடியாது, இந்த ஒலிகள் ஒன்றோடொன்று கலக்காது என்று பதில் எழுதினார். அடுத்த வருஷம் நண்பர் நிக்கொலாய் ரூபின்ஸ்டைன் பாரிஸில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் அவர் கையில் எடுத்தது அதே ட்ரியோவைத்தான். ஏ மைனரில் (மைனர் என்பது சோக நிறம் கொண்ட சுர வரிசை), ஓப்பஸ் 50 (படைப்பின் வரிசை எண்), ‘ஒரு மகத்தான கலைஞரின் நினைவுக்கு’ என்று எழுதிக்கொடுத்தார். கலக்காது என்று அவர் சொன்னது பொய்யில்லை. கலக்காததைக் கலக்க வைக்க மூன்று பேர் மேடையில் படும் பாடுதான் நாம் பார்க்கப் போவது.

பழகுவதற்கு எடுத்துக்கொள்ள ஒரே ஒரு படைப்பைச் சொல் என்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் டி மைனர் ட்ரியோ, ஓப்பஸ் 49 என்பேன். நாலு பகுதிகள், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மெட்டுகள் முதல் தடவை கேட்கும்போதே மனசில் ஒட்டும், உலகம் முழுக்க அடிக்கடி வாசிக்கிறார்கள். 1839இல் எழுதியது. அப்போது மெண்டல்சனுக்கு 30 வயது, லைப்சிக்கில் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் ட்ரியோ எப்படி இருந்தது என்று கொஞ்சம் தெரிந்தால் இதன் அருமை புரியும். பதினெட்டாம் நூற்றாண்டில், இசையமைப்பாளர் ஹைடன் காலத்தில், ட்ரியோ என்பது ஏறக்குறைய பியானோ கச்சேரிதான். செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே கூட வாசிக்கும். அன்றைய பியானோவின் கீழ் சுரங்கள் மெலிந்தவை, அவற்றுக்கு முட்டுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. 1795இல் பேத்தோவன் தன் முதல் ஓப்பஸாக மூன்று ட்ரியோக்களை வெளியிட்டபோது செல்லோவுக்கு வாய் திறந்தது. அதற்குள் பியானோவும் வளர ஆரம்பித்தது, சட்டத்தில் இரும்பு ஏறியது, ஒலி பெரிதானது. இப்போது சிக்கல் தலைகீழாக மாறியது: முட்டுக்கொடுக்க வந்த செல்லோ, பியானோ வெள்ளத்தில் மூழ்காமல் நிற்க வேண்டும். ரொமான்டிக் காலத்து (பத்தொன்பதாம் நூற்றாண்டு) ட்ரியோ ஒவ்வொன்றும் இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு விதமான பதில்.

மெண்டல்சன் முதலில் எழுதின பியானோ பகுதியைப் பார்த்த அவருடைய நண்பர் ஃபெர்டினாண்ட் ஹில்லர், இது கொஞ்சம் பழைய பாணியாக இருக்கிறதே என்றாராம். ஹில்லர் பாரிஸில் லிஸ்ட், ஷொப்பன் ஆகிய பியானோ மேதைகள் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தவர், புதுப் பியானோ எப்படிப் பொங்கும் என்று நேரில் கேட்டவர். மெண்டல்சன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு உட்கார்ந்து பியானோ பகுதியை முழுக்கத் திருத்தி எழுதினார். இன்றைக்கு நாம் கேட்பது அந்தத் திருத்திய வடிவம். பியானோக்காரரின் கை நிற்காமல் ஓடுவதைக் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: அந்தச் சுரங்களில் பல பிற்பாடு வந்து சேர்ந்தவை. 1840 பிப்ரவரியில் லைப்சிக்கில் முதல் தடவை வாசித்தபோது பியானோவில் மெண்டல்சனே உட்கார்ந்தார், வயலினில் ஃபெர்டினாண்ட் டாவிட். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இதற்கு எழுதிய விமர்சனத்தில் மெண்டல்சனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மோட்சார்ட் என்றார்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு தடவை கேளுங்கள், அது போதும். பத்து தடவை கேட்டு அந்த ஒலிப்பதிவையே மனப்பாடம் செய்துவிட்டால், நேரில் வாசிப்பவர்கள் எல்லாம் அதிலிருந்து விலகிப்போகிறவர்களாகவே தெரிவார்கள். இரண்டு தடவையும் இரண்டு வேறு குழுக்களாக இருக்கட்டும். ஒன்று, 1927இல் கோர்த்தோ (பியானோ), தீபோ (வயலின்), கசால்ஸ் (செல்லோ) மூவரும் பதிவு செய்தது. கரகரப்பு இருக்கும், ஆனால் தீபோவின் வயலின் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் கேட்டால் இழைந்து பாடும் பழக்கம் உள்ள நம் காதுக்கு அது உடனே பிடித்துப்போகும். இன்றைய வாசிப்பில் அந்த வழுக்கல் ரொம்பவே குறைந்துவிட்டது. இரண்டாவது, போ ஆர் ட்ரியோ. 1955 முதல் 2008 வரை இருந்த குழு இது, வயலினும் செல்லோவும் காலப்போக்கில் கை மாறினாலும் பியானோவில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மெனாஹெம் ப்ரெஸ்லர்தான். அவர் எவ்வளவு சுரம் வாசித்தாலும் மற்ற இருவர் மேல் ஏறி நிற்க மாட்டார். இதை எப்படிச் செய்கிறார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வீட்டில் கேட்கும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முதல் பகுதியின் தொடக்கத்தில் செல்லோ பாடும் மெட்டை வாய்விட்டு முனகிப் பழகுங்கள். சுரம் தெரிய வேண்டாம், ஸ்வரஸ்தானம் சரியாக வர வேண்டாம், அது எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று தொண்டைக்குத் தெரிந்தால் போதும். நேரில் அந்த மெட்டு திரும்பி வரும்போது காதுக்கு முன்னால் தொண்டை அதை அடையாளம் கண்டுகொள்ளும். ஸ்கோர் (இசைக் குறிப்பு) படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கச்சேரிக்குக் கொண்டுபோய் மடியில் வைத்துப் புரட்டாதீர்கள், கண் மேடையில் இருக்க வேண்டும்.

இடம் எடுக்கும்போது யோசித்து எடுங்கள். ட்ரியோ பெரிய அரங்குக்கான சங்கீதம் இல்லை. லண்டன் விக்மோர் ஹால் மாதிரி ஏறக்குறைய 550 பேர் உட்காரும் அரங்குதான் இதற்கு ஏற்ற அளவு. மேடையில் பியானோ பின்னால் இருக்கும், கட்டைகள் நம் இடது கைப்பக்கம். வயலின் பெரும்பாலும் இடது முன்னால், செல்லோ வலது முன்னால் அல்லது பியானோவின் வளைவை ஒட்டி. இடது பக்கம் உட்கார்ந்தால் பியானோக்காரரின் கைகள் தெரியும், வலது பக்கம் உட்கார்ந்தால் முகம் தெரியும். கை தெரியும் பக்கத்தைவிட முகம் தெரியும் பக்கம்தான் எனக்கு இஷ்டம், ஏன் என்று கீழே சொல்கிறேன். முதல் வரிசை வேண்டாம், அங்கே முன்னால் இருக்கும் வில் கருவியின் உரசல்தான் அதிகமாகக் கேட்கும், மூன்றும் ஒன்று சேராது. ஆறிலிருந்து பத்தாவது வரிசைக்குள் இருந்தால் நல்லது. பியானோவின் மூடி முழுக்கத் திறந்திருக்கிறதா, குட்டைக் குச்சியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். முழுக்கத் திறந்திருந்தால் பியானோக்காரர் ‘நானே அடக்கி வாசிக்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்’ என்று மற்ற இருவருக்கும் வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் அதைக் காப்பாற்றுகிறாரா என்று அரை மணி நேரமும் கவனிக்கலாம்.

மூவரும் வந்து வணங்கி உட்கார்ந்ததும் பியானோ ‘ஏ’ சுரத்தைக் கொடுக்கும். வயலினும் செல்லோவும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். சாதாரணமாக யாரும் கவனிக்காத நேரம், ஆனால் மேடையில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது இங்கேயே தெரிந்துவிடும். பியானோவின் சுருதியை இனி மாற்ற முடியாது, மற்ற இருவரும்தான் ஒவ்வொரு சுரத்திலும் விரலை மயிரிழை நகர்த்தி அதோடு ஒத்துப்போக வேண்டும். அதே சமயம் அவர்கள் இருவரும் தங்களுக்குள் வாசிக்கும்போது, பியானோ ஓய்ந்திருக்கும் சில நொடிகளில், சுருதி கொஞ்சம் இனிமையாக நகர்ந்துகொள்வதையும் கேட்கலாம்.

இன்னொன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. வயலின்காரர் முன்னால் இருக்கும் தாளில் வயலின் பகுதி மட்டும்தான் இருக்கும், செல்லோக்காரர் தாளில் செல்லோ மட்டும். மூன்று பேருடைய வரிகளும் ஒன்றாக அச்சாகியிருப்பது பியானோக்காரர் முன்னால் மட்டும்தான். அதனால்தான் அவர் பக்கங்கள் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகின்றன, அதனால்தான் பக்கம் புரட்ட அவருக்கு இடது பக்கத்தில் தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இப்போது டாப்லெட் வைத்துக் காலால் பெடல் மிதித்துப் புரட்டுகிறவர்களும் உண்டு. அந்த மேடையில் எல்லோருடைய வரியையும் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்கிறவர் அவர் ஒருவர்தான், மற்ற இருவரும் அடுத்தவரைக் காதால் மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டும். பியானோக்காரரின் முகம் தெரியும் பக்கம் உட்காரச் சொன்னது இதற்காகத்தான். தாளிலிருந்து கண்ணை எடுத்து அவர் எப்போது செல்லோ பக்கம் பார்க்கிறார் என்று பாருங்கள், அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

இப்போது முதல் பகுதி. தலைப்பில் மெண்டல்சன் போட்டிருப்பது மிக வேகமாக, பதற்றத்தோடு என்ற குறிப்பு. ஆனால் தொடங்கும்போது என்ன கேட்கிறது? செல்லோ, நீள நீளமான சுரங்களில், கிட்டத்தட்ட நிதானமாகப் பாடுகிறது. பதற்றம் எங்கே? பியானோவில். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், பியானோவின் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கொத்துகள்) தட்டு விழும் இடத்தில் விழாமல், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அரை அடி தள்ளித் தள்ளி விழுகின்றன, அதுவும் மெல்லிய ஒலியில். மூடிய அறைக்குள் யாரோ நடந்துகொண்டே இருப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிற மாதிரி. மெட்டை மட்டும் கேட்டால் சோகமான பாட்டு என்று நினைப்பீர்கள், கீழே இருக்கும் அந்த நடையைக் கேட்டால்தான் மார்பு அடித்துக்கொள்ளும். நான் சொன்னதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது: தொடங்கிய நொடியில் செல்லோவை விட்டுவிட்டுப் பியானோக்காரரின் மணிக்கட்டைப் பாருங்கள். நல்ல குழுவில் அந்தக் கார்டுகள் செல்லோவுக்கு அடியில் மூச்சு மாதிரி இருக்கும், சுமாரான குழுவில் தடதடவென்று கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். வயலினைப் பாருங்கள், இந்த நேரத்தில் அது சும்மா இருக்கிறது. செல்லோ பாடுவதை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், வில்லை எப்போது தூக்குகிறார், அவர் நுழையும்போது செல்லோ விட்ட அதே நிறத்தில் நுழைகிறாரா இல்லை புது வெளிச்சம் போட்டுக்கொண்டு வருகிறாரா என்பதெல்லாம் அந்த முதல் அரை நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் வேகம் கூடும், பியானோவின் கை விட்டு ஓடும், ஒரு கட்டத்தில் புயல் அடங்கி இரண்டாவது மெட்டு வரும், மைனரைவிட வெளிச்சமான மேஜரில். அதையும் முதலில் பாடுவது செல்லோதான். இரண்டு முக்கிய மெட்டுகளையும் செல்லோவிடம் முதலில் கொடுத்தது சின்ன விஷயமில்லை, அதற்கு நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பியானோவின் இடது கைக்குத் துணையாக வந்த கருவி அது.

இந்தப் பகுதியில் நான் காத்திருக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது. நடுவில் மெட்டுகளைப் பிய்த்துப் பிய்த்து விளையாடி முடித்த பிறகு, முதல் மெட்டு திரும்பி வரும். மறுபடியும் செல்லோவில்தான், கிட்டத்தட்ட முதலில் வந்த மாதிரியே. ஆனால் இந்தத் தடவை வயலின் சும்மா இருக்காது. செல்லோவுக்கு மேலே புதிதாக ஒரு இழை, மேலிருந்து கீழே மெல்ல இறங்கி வரும். முதல் தடவை அது இல்லை. முதல் தடவை செல்லோ தனியாகப் பாடியதை வயலின் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது அதற்குப் பதில் சொல்கிறது என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். மெட்டைத் துரத்திக்கொண்டிருந்தால் ‘ஆ, பழைய மெட்டு வந்துவிட்டது’ என்று செல்லோவைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவீர்கள், அந்த இழை காதில் விழாமலே போய்விடும். வயலினைப் பாருங்கள். நல்ல வயலின்காரர் அந்த இடத்தில் தன் ஒலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, வைப்ராட்டோவை (சுரத்துக்கு விரல் கொடுக்கும் நடுக்கத்தை) செல்லோவின் வைப்ராட்டோ அளவுக்கே அகலப்படுத்தி வாசிப்பார். தனி வித்வானாகப் பேர் வாங்கிய சிலருக்கு இது வராது, அவர்களுக்குக் கை தானாக முன்னால் வந்துவிடும். பேர் பெற்ற மூன்று தனி வித்வான்கள் ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வாசிக்கும் ட்ரியோவைவிட, பெயர் தெரியாவிட்டாலும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வாசிக்கும் மூவரைத் தேடிப்போய்க் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த இடம்தான் காரணம்.

இரண்டாவது பகுதி நிதானமானது. பியானோ தனியாகத் தொடங்கும். மெண்டல்சன் பியானோவுக்கென்றே ‘சொற்களில்லாப் பாடல்கள்’ என்று நிறைய எழுதினவர், இதுவும் அந்தச் சாதிதான்: வலது கையின் மேல் விரல்கள் பாட, மிச்ச விரல்களும் இடது கையும் அடியில் நீரோட்டம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பியானோவின் ஒலி தேயும் என்று முன்னால் சொன்னேனே, அந்தத் தேயும் சுரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் நீளமாகப் பாடுவது போன்ற பிரமையை எப்படி உண்டாக்குகிறார் என்று இங்கே கேட்கலாம். தேய்ந்துகொண்டிருக்கும் சுரத்தின் அளவுக்கே அடுத்த சுரத்தை மெதுவாக வைக்க வேண்டும், கொஞ்சம் பலமாக விழுந்தாலும் மணி அடித்த மாதிரி ஆகிவிடும். உடனே அதே மெட்டை வயலின் எடுக்கும், செல்லோ பக்கத்தில் கூடவே வரும். வில் கருவிக்கு இது சுலபம், சுரத்தை விரும்பும் அளவுக்கு நீட்டலாம். ஆனால் பியானோ இப்போதுதான் எப்படிச் சொன்னதோ அதை மதித்து அதே மூச்சில் சொல்வதா, தன் பலத்தைக் காட்டுவதா என்று வயலின்காரர் முடிவெடுக்க வேண்டும். எந்த முடிவும் எனக்குச் சரிதான், முடிவே எடுக்காமல் வாசிப்பதுதான் சலிப்பு.

மூன்றாவது பகுதி ஸ்கெர்ட்சோ, அதாவது விளையாட்டுத்தனமான வேகப் பகுதி. நாலு நிமிஷம்கூட இருக்காது, தட்டான் பறக்கிற மாதிரி போய்விடும். இங்கே ஒன்றையும் ஆராயாதீர்கள். பியானோ தொடங்கி, சிறு சிறு துண்டுகளைத் தூக்கிப் போட்டு மூவரும் பிடித்து விளையாடுவார்கள், கடைசியில் பலமாக முடிக்காமல் காற்றில் கரைந்துபோவார்கள். அரங்கில் யாராவது சிரிப்பை அடக்குவது கேட்கும்.

கடைசிப் பகுதியில் ஒரு தாளக்கட்டு திரும்பத் திரும்ப வரும், நீளம்-குறில்-குறில், நீளம்-குறில்-குறில். யாப்பு தெரிந்தவர்கள் இதை ‘கூவிளம்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கலாம், அச்சாகப் பொருந்தும். இந்தப் பகுதி முழுக்கப் பியானோக்காரரின் கை ஓய்வதே இல்லை, ஹில்லர் சொன்ன அந்தப் புதுப் பாணி இங்கே பொங்கி வழிகிறது. ட்ரியோ கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான். பியானோ தன் வேகத்தில் மயங்கிப்போனால் செல்லோ வாயசைப்பது மட்டும் தெரியும், சத்தம் கேட்காது. அதற்கு நடுவே செல்லோவுக்கு ஒரு பாடல் வருகிறது, நீளமாக, மனசை உருக்குவதாக. அந்த நேரத்தில் பியானோக்காரரின் வலது காலைப் பாருங்கள். பெடலை முழுக்க மிதித்தே வைத்திருந்தால் எல்லாச் சுரமும் குழம்பிச் செல்லோவை மூடிவிடும். பாதி மிதித்து, அடிக்கடி எடுத்து, கால் துடித்துக்கொண்டே இருந்தால் அவர் செல்லோவுக்கு வழிவிடுகிறார். இந்த ஒரு காலை வைத்தே ஒரு குழுவை எடை போடலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். கடைசியில் மைனர் மேஜராகத் திரும்பும், அறைக்குள் ஜன்னல் திறந்த மாதிரி, அதற்குப் பிறகு முடிவு வரைக்கும் ஒரே ஓட்டம்.

கைதட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் போகிறவர்கள் இதற்குத்தான் ரொம்பப் பயப்படுகிறார்கள். நம் கச்சேரிகளில் நல்ல பிடி வந்தால் அங்கேயே ‘ஆஹா’ என்போம். இங்கே நாலு பகுதியும் முடிந்த பிறகுதான் கைதட்டுகிறார்கள். ஆனால் இது பிற்காலத்து வழக்கம், மெண்டல்சன் காலத்து ரசிகர்கள் பகுதிக்குப் பகுதி தட்டினவர்கள்தான். முதல் பகுதி முடிந்ததும் நாலு பேர் தட்டிவிட்டால் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டாவது பகுதிக்குப் பிறகு மட்டும் தயவுசெய்து வேண்டாம், அந்த அமைதியிலிருந்துதான் ஸ்கெர்ட்சோ துள்ளி எழ வேண்டும். பகுதிகளுக்கு நடுவே மேடையில் நடப்பதையும் பாருங்கள். வியர்வை துடைக்கிறார்கள், செல்லோக்காரர் தந்தியைச் சரிபார்க்கிறார், மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சில குழுக்கள் பார்த்துக்கொள்வதே இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

மெண்டல்சன் பழகிவிட்டால் அடுத்து எங்கே போவது? அவருடைய அக்கா ஃபான்னி ஹென்சலின் டி மைனர் ட்ரியோவை உடனே கேளுங்கள். 1847 ஏப்ரலில் வீட்டுக் கச்சேரியில் முதலில் வாசித்தார்கள், அடுத்த மாதமே அவர் இறந்துபோனார், அச்சில் வந்தது 1850இல். அதே சுருதி, அதே குடும்பம், ஆனால் அவருடைய பியானோவின் பாய்ச்சல் வேறு. கிளாரா ஷூமனின் ஜி மைனர் ட்ரியோ 1846இல் எழுதியது, அடுத்த வருஷம்தான் கணவர் ராபர்ட் தன் முதல் ட்ரியோவை எழுதினார். ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரியோவில் இரண்டாம் பகுதியில் செல்லோ பாடும் மெட்டை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியில் எதிர்பாராத இடத்தில் அது திரும்பி வரும், அந்த நொடிக்காகவே அவ்வளவு நேரமும் உட்காரலாம். ஸ்மெத்தனாவின் ஜி மைனர் ட்ரியோ அவர் மகள் இறந்த துயரத்தில் 1855இல் எழுதியது, வயலின் தன் அடித் தந்தியில் தனியாகத் தொடங்கும், மனசு திடமாக இருக்கும் நாளில் போங்கள். த்வோர்ஷாக்கின் ‘தும்கி’ ஆறு துண்டுகள், அழுகைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே எச்சரிக்கையே இல்லாமல் மாறும், அங்கே மூவரில் யார் முதலில் திரும்புகிறார் என்று பார்ப்பதுதான் வேலை.

ஆனால் மெட்டு கையில் இல்லாதவரைக் கவனிக்கும் பழக்கம் முழுக்கப் பலன் தருவது பிராம்ஸின் பி மேஜர் ட்ரியோவில்தான். ஓப்பஸ் 8, 1854இல் இருபது வயதில் எழுதி வெளியிட்டது. 35 வருஷம் கழித்து 1889இல் அதையே எடுத்து அறுத்துத் திருத்தினார், இப்போது பெரும்பாலும் வாசிப்பது திருத்திய வடிவத்தைத்தான். பழைய வடிவத்தில் தொடக்கத்திலேயே வயலின் நடுநடுவே ஓரிரு வார்த்தை பேசும். திருத்தும்போது அதை எடுத்துவிட்டார். பியானோ மெட்டைத் தொடங்குகிறது, செல்லோ அதை வாங்கிக்கொண்டு விரிக்கிறது, இருவரும் பாடிக்கொண்டே போகிறார்கள், வயலின்காரர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரங்கில் எல்லோரும் செல்லோவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வயலின்காரரைப் பாருங்கள். முதலில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு கருவி மெதுவாக மடியிலிருந்து எழும், தாடை அதன் மேல் படியும், வில் தந்திக்கு மேலே ஒரு நொடி நிற்கும்.